சிவப்புத் தொப்பியும் நெட்டித் தொப்பியும்: வீராம்பட்டினம் தேரடியில் எழுந்த சில கேள்விகள்

ஆடி மாதத்தின் ஐந்தாவது வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேர். புதுச்சேரி நகரத்திலிருந்து தெற்கே ஆறேழு கிலோமீட்டர்தான், ஆனால் அன்று அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் பாதி உயிர் போய்விடும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து தேர்வடம் பிடித்துத் தொடங்கி வைப்பார். அந்த வழக்கம் இன்னும் நிற்கவில்லை. இப்போது துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கிறார்கள். அவர்களைச் சுற்றிக் காக்கி உடுப்பும் சிவப்புத் தொப்பியுமாகக் காவலர்கள் நிற்பார்கள். மறுநாள் பத்திரிகைப் படத்தில் தேருக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது அந்தச் சிவப்புதான்.

அந்தத் தொப்பியின் பெயர் கெப்பி. அதைப் பற்றி இதுவரை நான் வாசித்த கட்டுரைகள், சுற்றுலாக் கையேடுகள், புகைப்படக் குறிப்புகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மூன்று வாக்கியம்தான். பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள், தொப்பி மட்டும் போகவில்லை. வெளியூர்க்காரர்கள் விரும்பிப் படம் எடுக்கிறார்கள். இது நம் பாரம்பரியம். அவ்வளவுதான். தொப்பி எதனால் செய்யப்படுகிறது, எப்படிச் செய்யப்படுகிறது, ஆகஸ்ட் மாதத்துப் பன்னிரண்டு மணி வெயிலில் அதை வைத்திருப்பவன் தலை என்ன பாடு படும் என்று ஒருவரும் எழுதிப் பார்க்கவில்லை. ஒரு கோயிலைப் பற்றி எழுதுகிறவர் கல் எந்த ஊர்க் கல் என்றாவது கேட்பார். ஒரு புடவையைப் பற்றி எழுதுகிறவர் நூல் எத்தனையாம் நம்பர் என்று கேட்பார். தொப்பி என்று வந்தால் மட்டும் நிறத்தோடு நின்றுவிடுகிறோம். இந்தக் குறிப்பு அந்த எழுத்துமுறையின் மேல் எனக்கிருக்கும் மனத்தாங்கல்.

முதலில் கெப்பியையே எடுத்துக்கொள்வோம். அது வெயிலுக்குப் பிறந்த தொப்பி என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1830களில் பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவுக்குள் போனபோது வீரர்கள் தலையில் இருந்தது ஷாகோ. தோலும் ஃபெல்ட்டும் சேர்த்துச் செய்த உயரமான, கனமான உருளை. அந்த வெயிலில் அது தாங்கவில்லை. அதற்கு மாற்றாக வந்த இலேசான துணித் தொப்பிதான் பிறகு கெப்பி ஆனது. பெயர்கூட சுத்தப் பிரெஞ்சு இல்லை. சுவிட்சர்லாந்து வட்டார ஜெர்மனில் 'குட்டித் தொப்பி' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. ஆக, கனத்தைக் குறைக்கவும் வெயிலைச் சமாளிக்கவும் ஒரு வீரனின் தலையைப் பார்த்துச் செய்த மாற்றம்தான் கெப்பி. அந்தக் காரணத்தை மறந்துவிட்டு உருவத்தை மட்டும் காப்பாற்றுவதை எந்தக் கணக்கில் பாரம்பரியம் என்பது?

அன்றைய கெப்பியின் துணி கம்பளி. நெய்து முடித்த கம்பளியை வெந்நீரும் சோப்பும் விட்டு அடித்து மிதித்து இறுக்கி, இழை தெரியாமல் செய்த துணி. ஃபெல்ட் செய்வதும் இதே வேலைதான், அதில் நெசவு கிடையாது, அவ்வளவே. ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழையிலும் மீன் செதில் மாதிரி மிக நுண்ணிய அடுக்கு இருக்கிறது. ஈரமும் சூடும் பட்டால் செதில் விரியும்; கையால் உருட்டித் தேய்த்தால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்; மறுபடி பிரியாது. ஊசி, நூல், தறி எதுவும் வேண்டாம். கைவேலையாகத் தொப்பி செய்பவர்கள் முதலில் ரோமத்தை வேண்டிய அளவைவிடப் பெரிய கூம்பாகப் பரப்பி, சுருட்டிச் சுருட்டிச் சுருங்க வைத்து, கடைசியில் மர அச்சில் ஏற்றி ஆவி காட்டி இழுத்துத் தலை வடிவம் கொண்டுவருவார்கள். காஷ்மீரில் நம்தா விரிப்பு செய்கிறவர்களும், அருணாசலத்தில் யாக் ரோமத்தில் தொப்பி செய்யும் மோன்பா மக்களும் நம்புவது இந்தச் செதிலைத்தான். மோன்பாக்களின் தொப்பியில் ஓரத்திலிருந்து வால் வாலாகத் தொங்கும். மழைநீர் அதன் வழியே முகத்தில் படாமல் வடிந்துவிடும்.

நம் கரையில் இது ஏன் இல்லை? ஆடு இல்லாமலா? சென்னைச் சிவப்பு, மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை எல்லாம் இங்கே மேய்வதுதான். ஆனால் அவை மயிர் ஆடுகள், கம்பளி ஆடுகள் அல்ல. அந்த மயிரை எவ்வளவு தேய்த்தாலும் தொப்பிக்கான ஃபெல்ட் ஆகாது. ஆனாலும் இங்கே போடவும் மாட்டார்கள், வேர்த்துக் கொட்டும். தமிழ்நாட்டில் பரவலாகத் தலையேறிய ஒரே ஃபெல்ட் தொப்பி துருக்கித் தொப்பி. அது கம்பளி நூலில் பின்னி, பிறகு சுருக்கி இறுக்கியது. அதைத் துருக்கியிலேயே 1925ல் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். நம் ஊர்ப் பழைய குடும்பப் படங்களில் அதற்குப் பிறகும் தாத்தாக்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி அந்தச் சிவப்பு. இதில்தான் வீராம்பட்டினம் எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. பிரெஞ்சுப் படையின் சிவப்பு, மஞ்சிட்டி இனத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்து எடுத்தது. பிரெஞ்சில் கரான்ஸ் என்பார்கள். 1829ல் படைக்குச் சிவப்புக் கால்சட்டை வந்ததற்கு, தெற்குப் பிரான்சில் அந்த வேரைப் பயிரிட்ட விவசாயிகளுக்குச் சந்தை தருவதும் ஒரு காரணம். 1868ல் ஜெர்மன் வேதியியலாளர்கள் இருவர், கிரேபேயும் லீபர்மானும், அந்த வேரின் சாயப்பொருளான அலிசரினைத் தாரிலிருந்து செய்து காட்டினார்கள். கொஞ்ச வருஷத்தில் வேர் விவசாயம் படுத்துவிட்டது. 1914ல் ஜெர்மனியோடு சண்டைக்குப் போன பிரெஞ்சு வீரனின் சிவப்புக்குச் சாயம் ஜெர்மனியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. எதிரியின் சாயத்தைப் பூசிக்கொண்டு எதிரியின் துப்பாக்கிக்குக் குறியாக நின்றார்கள். கண்ணைப் பறிக்கும் அந்த நிறத்தைச் சீக்கிரமே கைவிடவும் நேர்ந்தது.

நமக்கும் இதே சிவப்பு இருந்தது. சாயவேர். இம்பூறல் என்றும் சொல்வார்கள், கடற்கரை மணலில் வளரும் சின்னச் செடி. அதன் வேரிலும் அலிசரின்தான். சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணி உலகம் சுற்றியது இந்த வேரால். வீராம்பட்டினத்தை ஒட்டியே அரிக்கமேடு இருக்கிறது. 1949ல் அங்கே தோண்டியதைப் பற்றிக் கசால் வெளியிட்ட பிரெஞ்சு நூலின் தலைப்பில் வீராம்பட்டினத்தின் பெயர்தான் முதலில் வரும், அரிக்கமேடு பிறகுதான். அதற்கு முன் 1945ல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர், செங்கல் தொட்டிகளைக் கண்டு அவை துணிக்குச் சாயம் ஏற்றும் தொட்டிகள் என்றார். பின்னால் வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. நானும் அதை வைத்துக் கோட்டை கட்டப் போவதில்லை. ஆனாலும் சிவப்பு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு 'பிரெஞ்சு' என்று எழுதுகிறவர், இந்த மணலில் நின்று அப்படி எழுதும்போது கொஞ்சம் தயங்கியிருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நானும் 'இயற்கைப் பொருள், கைவேலை, பாரம்பரியம்' என்று அட்டை கட்டித் தொங்கவிடும் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன். நகரத்தின் பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பக்கம் ஒரு கடையில் ஃபெல்ட் தொப்பி ஒன்றைப் பார்த்தேன். முழுக்க இயற்கை, முழுக்கக் கையால் செய்தது என்று சீட்டு. இருக்கட்டும். ஆனால் ஐரோப்பாவின் கைவேலை ஃபெல்ட்டின் சரித்திரம் அவ்வளவு சுத்தமானது இல்லை. ஆட்டு ரோமத்தைவிட நேர்த்தியான தொப்பிக்கு நீர்நாய் மாதிரியான பீவரின் ரோமம், பிறகு முயல் ரோமம். முயல் ரோமம் தானாகக் கோத்துக்கொள்ளாது. அதற்குப் பாதரச உப்புக் கரைசலைத் தடவுவார்கள். அந்த ஆவியைப் பல வருஷம் சுவாசித்த தொப்பித் தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, பல் ஆடியது, புத்தி தடுமாறியது. அமெரிக்காவில் இது நின்றது 1941ல்தான். ரோமமும் இயற்கை, பாதரசமும் இயற்கை, கைவேலை என்பதிலும் சந்தேகமில்லை. யார் கை என்று கேட்டால்தான் சிக்கல்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு, அதையும் யாரும் சொல்வதில்லை. ஃபெல்ட் தானாக விறைப்பாக நிற்காது. 1849ல் லண்டனில் வந்த பௌலர் தொப்பி சட்டி மாதிரி கெட்டியாக நின்றது அரக்கால். சோட்டா நாக்பூர்க் காடுகளில் புரச மரத்திலும் குசும மரத்திலும் பூச்சி கட்டிய அரக்கைச் சுரண்டியெடுத்து உருக்கி அனுப்பினார்கள். ஐரோப்பியப் பெரிய மனிதனின் தலையில் ஏறிய கௌரவத்தின் விறைப்பு நம் காட்டு மக்கள் சுரண்டியது.

புதுச்சேரியில் தொப்பி எப்போதுமே பொருளாகப் பார்க்கப்படாமல் அடையாளமாகவே வாசிக்கப்பட்டிருக்கிறது. தோப்பாஸ் என்று ஒரு பிரிவாரைக் குறிப்பிட்டார்கள். போர்த்துக்கீசியக் கலப்பு வழியில் வந்தவர்கள். பிரெஞ்சு நிர்வாகம் அவர்களைத் 'தொப்பி வைத்தவர்கள்' என்றே வகைப்படுத்தியது. தோப்பாஸ் என்ற சொல்லே தொப்பியிலிருந்து வந்ததா, துபாஷி என்பதிலிருந்து வந்ததா என்று அகராதிக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தலையில் தொப்பியா தலைப்பாகையா என்பதைப் பொறுத்து உன் இடம் மாறியது. காலுக்கும் அதே கதைதான். 1873ல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியக் காலணி போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார், விடவில்லை. பாரிஸ் வரை வழக்குப் போட்டு ஜெயித்தார். 1881ல், விரும்புகிறவர்கள் தங்கள் சாதி, குல வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆணை வந்தபோது, முன்னால் நின்று லாபோர்த் என்ற குடும்பப் பெயரோடு மாறியவர்களில் அவர் முக்கியமானவர். காலணி அவருக்கு வெறும் தோல் இல்லை. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. கேட்டு வாங்கிய அடையாளம் அது.

கெப்பி அப்படியில்லை. 1954 நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் முடிந்தது. அதற்குப் பிறகும் கெப்பி தங்கியது காவலர், தலைமைக் காவலர் தலையில். மேலதிகாரிகளுக்கு இந்தியாவெங்கும் உள்ள போலீஸ் தொப்பிதான். ஊரே கொண்டாடும் பாரம்பரியத்தின் சுமையைக் கீழ்நிலையில் இருப்பவர் தலையில் மட்டும் வைத்திருக்கிறோம். அழகு என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனித்து எழுதியதை நான் எங்கும் பார்க்கவில்லை.

சரி, இந்தக் கரைக்கென்று வெயிலும் தண்ணீரும் பார்த்துச் செய்த தொப்பியே இருந்ததில்லையா? இருந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் சென்னைக் கடற்கரைக்கு வந்த வெள்ளைக்காரப் பயணிகள் கட்டுமரக்காரர்களைப் பற்றி எழுதியதில் திரும்பத் திரும்ப வருவது அவர்கள் தலையில் இருந்த கூம்புத் தொப்பி. பாய் மாதிரி ஓலையில் முடைந்தது. துறைமுகம் கிடையாது, கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து கடிதத்தைக் கொண்டுபோகும் ஆள், அதை அந்தத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு அலைக்குள் பாய்வார். கட்டுமரம் கவிழும், ஆள் முழுகி எழுவார், கடிதம் நனையாது. புதுச்சேரியும் அதே மாதிரித் திறந்த கடல்தான்; இங்கேயும் சலங்கும் கட்டுமரமும்தான் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஓடின. ஓலையை அவ்வளவு நெருக்கமாக முடைந்த கை எந்தக் கை, எந்த ஓலை, எத்தனை நாள் வேலை? எழுதினவர்களுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்ததில்தான் அக்கறை. இன்றைக்கு வீராம்பட்டினம் கரையில் நிற்கிறவர்கள் தலையில் துண்டு, இல்லையென்றால் ஏதோ விளம்பரத்துக்குக் கொடுத்த துணித் தொப்பி.

இன்னொன்று நெட்டி. ஏரி குளங்களில் தண்ணீருக்குள் வளரும் செடி; தண்டைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையாக, பஞ்சைப் போல எடையே இல்லாத சோறு. நீளமான கூர்க் கத்தியால் தண்டை உருட்டிக்கொண்டே காகிதம் மாதிரி ஏடு ஏடாகச் சீவுவார்கள். அந்த ஏடுகளை மாவுப் பசை தடவி மர அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்து, வெட்டி, மேலே பருத்தித் துணி போர்த்தினால் சோலா தொப்பி. நெட்டிக்கு வங்காளத்துப் பக்கம் சோலா என்று பெயர். வெள்ளைக்காரன் அதை 'சோலார்' என்று காதில் வாங்கிக்கொண்டு, சூரியத் தொப்பி என்று தனக்குத்தானே விளக்கமும் சொல்லிக்கொண்டான். பிரெஞ்சுக் காலனிகளிலும் இதே உருவம்தான், தக்கையாலோ நெட்டியாலோ. இந்திய வெயில் மண்டையோட்டைத் துளைத்து மூளையைக் கெடுத்துவிடும் என்ற பயம் அதற்குப் பின்னால் இருந்தது. பயம் பொய், தொப்பி நிஜமாகவே குளிர்ச்சி. நெட்டிச் சோற்றுக்குள் முழுக்கக் காற்று அறைகள். சூடு உள்ளே இறங்காது. உள்பட்டைக்கும் கூட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள், காற்று ஓடும். இந்த நாட்டில் வெயிலுக்காக இயற்கைப் பொருளில் செய்ததில் இதைவிட நல்ல தொப்பியை நான் அறியேன்.

2020ல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால் கொண்டாடியவர்கள் எழுதியதைப் பாருங்கள்: கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய கோயில், தேர், சாமி உருவங்கள், மாலை. நெட்டியால் இந்த நாட்டில் ஒரு காலத்தில் ஏராளமாகச் செய்து லட்சக்கணக்கான தலைகளில் ஏறிய பொருள் தொப்பி என்பது அந்தப் பேச்சிலேயே இல்லை. வெள்ளைக்காரத் துரையின் சின்னமாகிவிட்டதால் அது கைவினையாகவே தெரியாமல் போய்விட்டதோ என்னவோ. வேடிக்கை பாருங்கள். துரையின் நெட்டித் தொப்பி நம் செடி, நம் கைவேலை, நம் வெயிலுக்கு ஏற்றது. அது பாரம்பரியம் இல்லை. துரையின் கெப்பி வெளியூர்க் கம்பளி, வெளியூர் வடிவம்; அது பாரம்பரியம். கண்ணாடிப் பெட்டிக்குள் போன கைவேலை உயிரோடு இருக்கிறதா என்பதும் எனக்குச் சந்தேகம்தான். பார்க்கிற பொருளுக்கு ஆண்டுக்கு நாலு பேர் வருவார்கள், போடுகிற பொருளுக்குத் தினமும் தலை வேண்டும். ஏரிக்கும் இதில் சம்பந்தம் உண்டு. நெட்டி தேங்கின தண்ணீரில்தான் வளரும். குளத்தைத் தூர்த்துவிட்டு நெட்டிக் கைவினையைக் காப்பாற்ற முடியாது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர் இருக்கிறார். அவருடைய பழைய கெப்பியை பீரோ மேலிருந்து எடுத்துக் காட்டினார். தடித்த அட்டையில் வளையம், மேலே சிவப்புத் துணி, நெற்றியில் படும் பட்டை வேர்வையில் கறுத்துப்போயிருந்தது. உச்சியில் கையை வைத்துப் பார்த்தேன். காற்றுக்கு வழியே இல்லை.

"இத நெட்டில செஞ்சா எப்டி இருக்கும் மாமா?" என்று கேட்டேன். அதே வடிவம், அதே சிவப்பு, கூடு மட்டும் நெட்டி, மேலே சாயவேரில் தோய்த்த பருத்தி.

சிரித்தார். "வெயிலுக்கு சரி தம்பி. ஐப்பசி மழைல ட்ராஃபிக்ல நின்னா ஊறிப்போயிடுமே. கூட்டத்துல ஒரு இடி இடிச்சா ஒடஞ்சிடும். நீங்க எழுதறவங்க, உங்களுக்கு ஈஸி."

அவர் சொன்னது சரி. நெட்டியின் பெரிய குறையே அது. சோலா தொப்பி மழையில் நனைந்தால் கனத்துத் தொங்கும், அதனால்தான் பலர் தக்கையில் செய்ததை வாங்கினார்கள். எண்ணெய்த் துணி உறை போட்டு ஒருவாறு சமாளித்தார்கள். அரக்கு பூசினால் என்ன என்று கேட்டேன். அவருக்கு அந்த ஆராய்ச்சியில் ஆர்வம் இல்லை.

"தேர் அன்னைக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"வீராம்பட்டினம் பந்தோபஸ்துனா காலைல அஞ்சு மணிக்கே போயிடுவோம். கோயில் வாசல்ல வேப்பிலைக்கு என்ன பஞ்சம்? ரெண்டு கொத்து ஒடச்சி கெப்பிக்குள்ள வெச்சுக்குவேன். மதியத்துக்குள்ள வதங்கிடும், மறுபடி மாத்திக்குவேன். பாக்கறவன் பக்தினு நெனச்சுக்குவான்."

கெப்பியைத் திரும்ப வாங்கி, உள்ளே ஒரு தரம் விரலை விட்டுத் தடவினார். மடிப்பில் காய்ந்துபோன ஒரு ஈர்க்கு சிக்கியிருந்தது. அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, தொப்பியைப் பழையபடி பீரோ மேல் ஏற்றினார்.